வலதா இடதா என்று கேட்டார்கள்

வங்காளத்துப் பாலிகஞ்சில் அந்தி சாய்ந்தால் வீட்டுக்கு வீடு சங்கு ஊதுகிறார்கள். விளக்கேற்றிய கையோடு ஊதும் மங்கலச் சங்கு. எனக்கோ இத்தனை வருஷமாகியும் முதல் ஊதலிலேயே கால் தானாகத் தெருவோரம் ஒதுங்கிவிடுகிறது. எங்கள் திருநெல்வேலியில் சங்கு கேட்டால் பின்னால் பாடை வரும். வாடகை கட்டுவது இந்த ஊரில்; காது குடியிருப்பது அந்த ஊரில்.

ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் ஆபரேஷன் தியேட்டர்காரர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுப்பது என் பிழைப்பு. பாடம் சின்னது. கத்தி படுமுன் எல்லோரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். நோயாளி யார், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் கையை உயர்த்தி 'ஸ்டாப்' சொல்லலாம். நர்ஸ் மிட்டு கேட்டாள், "ஸாரையேவா, தாதா?" அண்ணனை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். "ஸாரையேதான்" என்றேன். சர்ஜன் சிரித்தார். அவருக்கு நான் 'மொஷாய்', அதாவது ஐயா. "அதுக்கு வீட்ல ஒருத்தி இருக்கா, மொஷாய். இங்கேயும் வேணுமா?"

பிறகு எனக்கே ஹெர்னியா வந்தது, வலப்பக்கம். அதே தியேட்டர், அதே ஆட்கள். நான் மேற்பார்க்காத நாளில் நிற்பார்களா, நேரே அறுத்துவிடுவார்களா? முதுகில் போட்ட ஊசியில் இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. வாயும் பயமும் மட்டும் விழித்திருந்தன. நின்றார்கள்! மிட்டு குனிந்து, "தாதா, எந்தப் பக்கம்?" என்றாள். அந்த நொடியில் சர்ஜனின் செல்போன் அலமாரியிலிருந்து அழைத்தது. சங்கொலி! என் உயிர் தெருவோரம் ஒதுங்கியது. "இடது" என்றேன். வருஷக்கணக்காக மேஜையின் கால்மாட்டில் நின்றே பாடம் எடுத்தவன். அங்கிருந்து பார்த்தால் நோயாளியின் வலது எனக்கு இடது. உடம்பு படுத்துவிட்டது, நாக்கு இன்னும் கால்மாட்டிலேயே நின்றது.

"வலதுதான். நானே குறி போட்டிருக்கேன். கத்தியைக் குடு" என்றார் சர்ஜன். மிட்டுவின் கை உயர்ந்தது. "ஸ்டாப், ஸார்."

அலமாரியில் சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.

"பேப்பரும் குறியும் வலதுங்குது, தாதா இடதுங்கிறார். மூணும் ஒத்து வரணும். முதல்ல அந்தச் சங்கை வெளியே அனுப்புங்க." பிறகு என் வலது கையைத் தொட்டாள். "வலிச்சது இந்தக் கைப் பக்கமா?"

"ஆமா, ஆமா, அதேதான்!"

"நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கீங்க, மொஷாய்" என்றது சர்ஜனின் முகமூடி.

வீடு திரும்பும் நாளில் வாசல்வரை வந்தாள் மிட்டு. "ஆஷி" என்றேன். நம் 'வரேன்'தான் அது. விடைபெறும்போது 'போறேன்' என்று இங்கும் சொல்வதில்லை. நான் பாடுபடாமல் கற்ற ஒரே வங்காளச் சொல். அவள் கை மறுபடி உயர்ந்தது.

"ஸ்டாப், தாதா. ஆஸ்பத்திரி வாசல்ல அதைச் சொல்லலாமா? போறேன்னு சொல்லுங்க."

முதன்முதல் ரயிலேறியபோது அம்மாவிடம் 'வரேன்' என்றேன். ஒவ்வொரு விடுமுறையிலும் இரண்டு ஊர்களிலும் அதையேதான் சொல்கிறேன். யோசித்தால் எந்த ஊரைவிட்டும் நான் போனதே இல்லை; இரண்டுக்கும் வந்துகொண்டே இருக்கிறேன். டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். மிட்டு கையை இறக்குவதாக இல்லை.

"சரி மிட்டு... போறேன்."

"அப்பாடா! போங்க தாதா. அடுத்த வகுப்புக்கு நடந்து வாங்க."