மரமில்லாத மலையில் பாதி வழி

உதடு வெடித்து, நாக்கில் ரத்தத்தின் உப்பு. லடாக் என்றதும் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது அந்த ருசிதான்.

எங்கள் ஊர் ஆளுக்கு அது புதுசு. எங்கள் வல்லம் வடகால், ஏரியும் கழனியுமாக இருந்த காலம். வருஷம் முழுக்க உடம்பு பிசுபிசுவென்று இருக்கும். அந்த மலையிலோ வேர்வை வந்ததே தெரியாது. வருவதற்குள் காய்ந்துவிடும்...

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் டிரெய்னி. கேன்டீன் சுவரில் ஒரு காலண்டர் மாட்டியிருந்தார்கள். ஒரு செடிகூட இல்லாத மலை, செங்கல் நிறத்தில். மேலே கண் கூசும் நீலம். மலை என்றால் பச்சையாக இருக்கும் என்று நம்பியிருந்தவன் நான். சோற்றைப் பிசைந்துகொண்டே அதைப் பார்ப்பேன். நேரில் போய்ப் பார்த்தால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. அதன்பிறகு அந்த நினைப்பு என்னை விடவே இல்லை.

அம்மாவிடம் சொன்னபோது சிரித்தாள்.

"மல பாக்கணும்னா திருத்தணிக்குப் போயேன்டா. அங்க முருகனாவது கீறாரு."

கூட வர யாரும் தயாராக இல்லை. தனியாகவே கிளம்பினேன். லீவு கொடுத்த சூப்பர்வைசர் விரலை ஆட்டிச் சொன்னார்:

"லீவு முடியற திங்கக்கெழம ஃபர்ஸ்ட் ஷிப்ட்ல நீ மெஷினாண்ட நிக்கணும். இல்லேன்னா பெர்மனென்ட் ஆவறத மறந்துடு."

டெல்லி, ஜம்மு, ஸ்ரீநகர்... ரயிலும் பஸ்ஸுமாக நாட்கள் போயின. எனக்கு இந்தி தெரியாது. கையைக் காட்டிச் சாப்பிட்டேன், கையைக் காட்டி டிக்கெட் வாங்கினேன்.

ஸ்ரீநகரிலிருந்து லே போகும் பஸ் சோஜிலா கணவாயைத் தாண்டியதும் பச்சை சட்டென்று நின்றுபோனது. அதன்பிறகு வெறும் மண், வெறும் பாறை. கார்கிலில் இரவு தங்கல். மறுநாள் காலை இன்னும் உள்ளே போனோம். மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக... செம்பு நிறம், சாம்பல் நிறம், மஞ்சள் அரைத்துப் பூசினாற்போல் ஒன்று. வெயிலில் தோல் எரிந்தது. பஸ்ஸின் நிழலுக்கு வந்தால் பல் தந்தி அடித்தது.

லேவுக்கு அரை நாள் தூரம் இருக்கும்போது பஸ் நின்றுவிட்டது. முன்னால் மண் சரிந்து ரோடு மூடிப்போயிருந்தது.

எல்லோரும் இறங்கினோம். நான் கொஞ்சம் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தேன். காக்கா இல்லை, இலை இல்லை, அசைவதற்கு எதுவுமே இல்லை. காதில் என் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. ஏனென்று தெரியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது.

"அப்பா... இன்னா குளுரு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"யாருப்பா அது தமிழு?"

திரும்பினால் ஒரு பட்டாளத்துக்காரர். ஹவில்தார் ஏழுமலை. ராணிப்பேட்டைப் பக்கம். என் ஊரைச் சொன்னதும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து, ஊரில் மழை உண்டா, ஏரி ரொம்பிச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ரோடு சரியாவ ரெண்டு மூணு நாளாவும் தம்பி. எங்க கேம்ப்புக்குப் பக்கத்துல தங்க எடம் பாத்துத் தரேன். ரோடு தொறந்தா மொத வண்டில ஏத்தி உடறேன்."

"இல்லண்ணா. இப்பவே திரும்புனாத்தான் திங்கக்கெழம டூட்டிக்குப் போவ முடியும். பெர்மனென்ட் ஆவற நேரம்."

"இம்மாந்தூரம் வந்துட்டு திரும்பிப் போவியா? கம்பெனி இன்னா ஓடியா பூடும்?"

நான் பையைத் தோளில் மாட்டினேன். அவர் எழுந்து போய், கார்கில் திரும்பும் லாரி ஒன்றில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்.

"சரி. அடுத்த தபா வா. நான் இங்கதான் இருப்பேன்" என்றார்.

லாரி வளைகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் ஷிப்ட்டில் மெஷின் முன்னால் நின்றேன். சூப்பர்வைசர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உதட்டுப் புண் ஆறுவதற்குள், என்னோடு வேலைக்குச் சேர்ந்த முனுசாமி, தன் அக்கா கல்யாணத்துக்குப் போய்விட்டு நாலு நாள் தாமதமாக வந்தான். சூப்பர்வைசர் கத்து கத்து என்று கத்தினார். அப்புறம், "நிக்காத, போய் லைனைப் பாரு" என்றார்.

அவ்வளவுதான்.

இரண்டு பேரும் ஒரே நாளில் பெர்மனென்ட் ஆனோம்.

அடுத்த தடவை என்பது வரவேயில்லை. தங்கச்சி கல்யாணம், என் கல்யாணம், ஓவர்டைம், பிள்ளைகள்... ஊரில் கழனி போய் கம்பெனி எஸ்டேட் வந்தது. ரிடையர் ஆனபோது மகன் டிக்கெட் போடுகிறேன் என்றான். இந்த இதயத்தோடு அந்த உயரத்துக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது பக்கத்து ஒரகடத்துப் பையன்கள் கூட்டம் கூட்டமாக பைக்கிலேயே லடாக் போகிறார்கள். என் மகனும் போன வருஷம் போனான். அவனுக்கும் அங்கே ரோடு அடைத்துவிட்டது. ரோட்டோரத்தில் நின்றபடியே மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பினானாம். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்ததாம். ஜாலியாக மூன்று நாள் இருந்து, லே பார்த்துவிட்டு வந்தான்.

வந்த அன்றைக்கு என் கதையை முழுசாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சாதாரணமாகத்தான் கேட்டான்:

"ஏம்ப்பா... கம்பெனிக்கு ஒரு தந்தி அடிச்சிருக்கலாமே?"

எங்கள் ஊருக்குத் தந்தி வந்தால் அது சாவுச் செய்திதான். பிரிப்பதற்கு முன்பே பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். உயிரோடு, சந்தோஷமாக இருக்கிற ஒருவன், இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல ஒரு தந்தி அடிக்கலாம் என்பது...

இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.