பெரியம்மாவின் ஸ்டூல்

சோப்புத் தொழிற்சாலையில் என் பெரியம்மாவுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். பெல்ட்டில் வரும் சோப்புக் கட்டிகளின் பிசிறைச் சீவி, உறை போட்டு, பெட்டியில் அடுக்குவது அவர் வேலை. கை ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும். யார் கொட்டாவி விட்டாலும் நேரடி வர்ணனை உண்டு.

“உட்கார்ந்தாதானே பேசறீங்க?” என்று ஒரு நாள் மேற்பார்வையாளர் எல்லா ஸ்டூல்களையும் கிடங்குக்கு அனுப்பிவிட்டார். பேச்சு குறையவில்லை. நின்றுகொண்டு பேசினார்கள். பெரியம்மாவின் முட்டிதான் வீங்கிக்கொண்டே போனது.

தொழிற்சங்கச் செயலாளரிடம் போனார். அவர் வயதில் சின்னவர், வாயில் பெரியவர்.

“நான் பேசிட்டு இருக்கேன் அக்கா.”

“யார்கிட்ட தம்பி?”

“எல்லார்கிட்டயும்.”

“அப்போ ரேடியோங்கிற பேரை நீங்களே வச்சுக்கங்க.”

ஒரு நாள் வலி தாங்காமல் காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இன்னொரு முறை உட்கார்ந்தால் வீட்டிலேயே உட்கார்ந்துகொள்ளலாம் என்று எச்சரிக்கை வந்தது. மறுபடி சங்க அறைக்கு ஓடினார். செயலாளர் தன் சுழல் நாற்காலியில் இப்படியும் அப்படியும் திரும்பியபடி, “ஸ்டூலெல்லாம் ஒரு கோரிக்கையா அக்கா? வெளிய சொன்னா சிரிப்பாங்க” என்றார்.

“நீங்க முதல்ல சுத்தறதை நிறுத்துங்க தம்பி, எனக்குத் தலை சுத்துது.”

வீட்டில் பெரியப்பா, “பேசாம வேலைய விட்டுடேன்” என்றார். அவர் பள்ளி வேன் ஓட்டுபவர்.

“நாள் முழுக்க உட்கார்ந்தே சம்பாதிக்கிறவர் யோசனை சொல்றார், கேளுங்க” என்று பெரியம்மா எங்களைப் பார்த்துச் சொன்னார். சோப்பு வேலை பெரியம்மாவுக்குப் பிடிக்கும். வேலையும் வேண்டும், முட்டியும் வேண்டும். ஆனால் சங்கத்தைத் தாண்டி ஒரு தொழிலாளி எங்கும் வாய் திறக்க முடியாது என்றுதான் அங்கே எல்லோரும் நம்பியிருந்தார்கள். செயலாளரும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

அந்த நம்பிக்கையை உடைத்தவள், மருத்துவமனையில் முட்டிக்குப் பயிற்சி கொடுக்கும் பெண். “இங்க நான் சரி பண்றதை அங்க நீங்க கெடுத்துட்டு வர்றீங்க. நீதிமன்றக் கட்டடத்துல இலவச சட்ட உதவி அறை இருக்கு, போய்க் கேளுங்கம்மா” என்று வழி காட்டினாள்.

அந்த அறையில் கறுப்பு கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு ஒரு இளம் வக்கீல் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இதுக்கு சங்கம் வேணும்னே இல்லம்மா. தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்துல நீங்களே புகார் கொடுக்கலாம். உங்க பேரை வெளிய சொல்ல மாட்டாங்க” என்றாள்.

“பேரை எதுக்குப் பாப்பா மறைக்கணும்? என் முட்டி வலிக்கிறது அடுத்த தெரு வரைக்கும் தெரியும்.”

“இருக்கட்டும். நீங்க போட்டுக் கொடுத்தீங்கன்னு யாரும் பழிவாங்கக் கூடாது, அதுக்குத்தான்.”

புகார் போயிற்று. அந்த அலுவலகத்து ஆய்வாளர் வருகிற செய்தி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்ததால், அன்று காலை கிடங்கிலிருந்த ஸ்டூல்கள் தூசி தட்டப்பட்டு வரிசையாக நின்றன. “எல்லாரும் உட்காருங்க, சிரிச்ச முகமா இருங்க” என்று மேற்பார்வையாளர் ஓடி ஓடிச் சொன்னார். பெண்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் மேசை மோவாயைத் தொட்டது. ஸ்டூல்களை எடுத்த கையோடு, நிற்பவர்களுக்கு வாகாக மேசைக் கால்களை உயர்த்தியதை அந்த மனிதர் மறந்தே போயிருந்தார். சோப்புகள் கண்ணெதிரே ஊர்வலம் போயின, கை எட்டவில்லை.

ஆய்வாளர் அம்மாள் உள்ளே வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேசைக்கு மேல் அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது.

“இப்படித்தான் தினமும் வேலை நடக்குதா சார்?”

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதன்முறையாக ரேடியோ வாயை இறுக மூடிக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்துவிடுமே என்ற பயம். பக்கத்திலிருந்தவள்தான், “தினமும் நிக்கிறோம் மேடம். இன்னைக்கு உங்களுக்காக உட்கார்ந்திருக்கோம்” என்று போட்டு உடைத்தாள்.

அந்த மாதமே மேசைகள் இறங்கின, ஸ்டூல்கள் நிலைத்தன, பெரியம்மாவின் எச்சரிக்கையும் ரத்தானது. முட்டி முழுக்கச் சரியாகவில்லை, ஆனால் படியேற முடிகிறது.

மேசைகள் இறங்கிய மறுநாள் செயலாளர் கையில் மாலையோடும், பின்னால் போன் பிடித்த ஓர் ஆளோடும் உள்ளே வந்தார். “சங்கத்தோட போராட்டத்துக்குக் கிடைச்ச வெற்றி! அக்கா, போட்டோவுக்குக் கொஞ்சம் எழுந்து நில்லுங்க.”

பெரியம்மா ஒரு சோப்பின் பிசிறைச் சீவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

“மாலை போடணும்னா குனிஞ்சு போடுங்க தம்பி. நான் எழுந்திரிக்கிறதா இல்ல.”