பூஜை போட்ட சைக்கிள்

பத்மஜா சைக்கிள் கற்றுக்கொண்டது ஐம்பத்து மூன்றாம் வயதில். வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற மறு மாதமே, கொல்கத்தா நியூ டவுனின் சைக்கிள் பாதையில் நாலு தடவை விழுந்து, ஐந்தாம் தடவை ஓட்டிவிட்டாள். கணவர் சிவராம் பயந்துபோனார். கரியாஹாட் கடைத்தெருவில் ரோட்டைக் கடக்கும்போது இன்றைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொள்கிற மனிதர் அவர்.

"இனிமே ஒரு தடவை நீ விழுந்தாலும் வண்டியை வித்துடணும். சம்மதமா?" என்றார். அவளும் தலையாட்டிவிட்டாள்.

விடியற்காலையில் அவள் கிளம்பும்போது பதினாலு மாடிக் கட்டடங்கள் பனிமூட்டத்தில் பாதிதான் தெரியும். துர்கா பூஜை நாட்களில் பாதையோரமெல்லாம் காஷ் புல் வெள்ளையாகப் பூத்து அசையும். ஓட்டும்போது பத்மஜாவின் மனசு இந்த ஊரிலேயே இருக்காது. ஒரு நாள் பாதை அப்படியே ஹூக்ளி ஆற்றில் இறங்கித் தண்ணீரின்மேல் போவதாக நினைத்துக்கொண்டே மூன்று கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறாள். பயமே கிடையாது. இரண்டு விரல்கள் எப்போதும் பிரேக்கின்மேல் இருக்கும். கை அங்கே இருந்தால் மனசை எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்பது அவள் கண்டுபிடிப்பு. முப்பது வருஷம் வங்கியில் அப்படி மனசை எங்கேயும் விட முடிந்ததில்லை.

கொல்கத்தா தட்டையான ஊர். அவள் வழியில் இருந்த ஒரே இறக்கம், அவர்கள் குடியிருப்பின் முதல் மாடி வண்டி நிறுத்தத்திலிருந்து வாசலுக்கு இறங்கும் சரிவுதான். அதற்காகவே தினமும் ஏறுமுன் பிரேக்கைப் பிடித்து வண்டியைத் தள்ளிப் பார்ப்பாள்.

விஜயதசமி அன்று பார்க்கவில்லை. முதல் நாள் ஆயுத பூஜைக்கு சிவராம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சைக்கிளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார். பூஜை போட்ட வண்டியைச் சோதித்துப் பார்ப்பது சாமியையே சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. நல்ல பக்தி! எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

சரிவில் பாதி தூரம் கனவாகவே போயிற்று. கீழே வாசலில் சிவப்புக் கரைப் புடவையில் பெண்கள், தேவிக்கு வைக்கக் குங்குமத் தட்டுகளோடு வழியை அடைத்து நின்றார்கள். பத்மஜா இரண்டு பிரேக்கையும் பிடித்தாள். வண்டி கேட்கவே இல்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள். சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"தீதி, ஆஸ்தே!" என்று காவலாளி அலறினார். மெல்லப் போக முடிந்தால் போகமாட்டாளா? கைப்பிடியை ஒடித்து, பக்கத்துச் செம்பருத்தி வேலிக்குள் விழுந்தாள். முழங்கை உரிந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எழுந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் பிசுபிசுவென்று தேங்காய் எண்ணெய்.

முழுக்கை ரவிக்கை போட்டுக் காயத்தை மறைத்துவிடலாம். ஆனால் அடுத்த வருஷமும் சிவராம் எண்ணெய் தடவுவாரே! சொல்லாமலிருந்தால் யார்மேலாவது மோதுவாள். சொன்னால் வண்டி போய்விடும். லிஃப்டில் ஏறினாள். விடியலெல்லாம் போய்விடுமே என்று அழுகை வந்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

சிவராம் அவள் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"பளபளன்னு இருக்கட்டுமேன்னுதான் சக்கரம் பூராவும் தடவினேன். தடவும்போதெல்லாம் உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு வேண்டிண்டே இருந்தேன்" என்றார்.

பிறகு காயத்தைக் கழுவி மருந்து போட்டார். பாத்திரம் தேய்க்கும் சோப்பையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"எங்கே போறீங்க? விக்கணும்னு பேசினோமே?"

"நீ விழுந்தாத்தானே விக்கணும்?" என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே. "இது நான் தள்ளிவிட்டது."