திரும்பிக் கிடந்த இலை

இது நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். செல்வலட்சுமி இதை என்னிடம் சொல்லும்போது அழவில்லை, நடுங்கவில்லை. மணியைக்கூட நிமிடம் பிசகாமல் சொன்னாள். பயந்தவர்கள் கூட்டிச் சொல்வார்கள். இவள் குறைத்துத்தான் சொன்னாள் என்று எனக்குப் படுகிறது.

பேய் என்றால் நடுராத்திரி, மல்லிகைப்பூ வாசம் என்று யாரோ நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இது போன ஆவணியில், கோவில்பட்டிக்கு வெளியே, பட்டப்பகலில், நானூறு பேர் சாப்பிட வந்த கல்யாணத்தில் நடந்தது.

செல்வலட்சுமிக்குச் சொந்த ஊர் நாகலாபுரம். கோவில்பட்டியில் வாக்கப்பட்டவள். புருஷன் லாரியோடு போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவான். மகள் யுகேஜி படிக்கிறாள். நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேறு ஆள் கிடையாது. தீப்பெட்டி ஆபீஸிலும் ஜவுளிக்கடையிலும் இதைச் சொன்னதுமே கையை விரித்துவிட்டார்கள். அப்போதுதான் பக்கத்து வீட்டு பானு அவளை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டாள்.

கேட்டரிங் வேலை. முகூர்த்த நாளையும் எத்தனை ஆள் வேண்டும் என்பதையும் காண்ட்ராக்டர் கொம்பையா குரூப்பில் போடுவார். தோதுப்பட்டவர்கள் ‘வாரேன்’ என்று போடலாம். படாதவர்கள் பேசாமல் இருக்கலாம். மூன்றரைக்கெல்லாம் வீடு. ஒரே ஒரு சட்டம், ஒருத்தி மேல் இரண்டு புகார் வந்தால் குரூப்பிலிருந்து தூக்கிவிடுவார். செல்வலட்சுமிக்கு இதை விட்டால் வேறு போக்கு இல்லை.

அன்றைக்கு எட்டயபுரம் சாலையில் ஒரு மண்டபம். சுற்றிலும் உழுது போட்ட கரிசல், ஒதுங்க ஒரு மரம் இல்லை. மூன்றாவது வரிசை எப்போதும் பானுவுடையது. காலையில் வந்ததுமே கேட்டாள்.

“எனக்குக் காலு கடுக்குது. இன்னைக்கு என் வரிசைய நீ பாக்குதியா?”

வேலை வாங்கிக் கொடுத்தவள் கேட்கிறாள். செல்வலட்சுமி சரி என்றாள்.

11.50. முதல் பந்தி. இலை போட்டு முடித்து, உப்பு வைக்கத் திரும்பினாள். கடைசி இலை மட்டும் மாறிக் கிடந்தது. நுனி, சாப்பிடுபவருக்கு வலது பக்கம்.

செத்தவர்களுக்குப் படைக்கும்போதுதான் அந்தப் பக்கத்தில் இலையை அப்படிப் போடுவார்கள். அவள் ஓடிப்போய்த் திருப்புவதற்குள் கல்யாணப் பெண்ணின் அம்மா பார்த்துவிட்டாள். கொம்பையா பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

“ஏட்டி, கல்யாண வீட்டுல எழவு இலையா போடுத?”

“நான் சரியாத்தான் போட்டேன் அண்ணாச்சி.”

“பேசாத. இது ஒண்ணு. இன்னொண்ணு வந்துது, வீட்டுலயே இருந்துக்கோ.”

அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

12.25. இரண்டாவது பந்தி. கடைசி இலையை நுனி இடப்பக்கம் வரும்படி போட்டு, தண்ணீர் தெளித்து, கையால் அழுத்திவிட்டாள். யாரோ தண்ணீர் கேட்டார்கள். ஒரு நொடி திரும்பினாள்.

சரக்...

இலை மாறிக் கிடந்தது.

ஃபேன் காற்று என்று நினைக்க வழியில்லை. மற்ற இலைகள் அசையவில்லை. இடம் பிடிக்க ஆட்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த நாற்காலியை மட்டும் யாரும் தொடவில்லை. ஒருவர் உட்காரப் போனார்... சில்லிட்டதுபோல் கையைத் தேய்த்துக்கொண்டு விலகிப் போய்விட்டார்.

12.40. சோறு நிறைந்த வாளியோடு, வரிசையை அந்தப் பக்கமிருந்து தொடங்க, அவள் கடைசி இலைக்கு வந்தாள். நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள். கேட்டரிங் பெண்கள் எல்லாரும் உடுத்தியிருந்த அதே அரக்குச் சேலை. அதே வலைத் தொப்பி. வேலைக்கு வந்தவள்தான். தலை குனிந்திருந்தது.

“நம்ம ஆளுக கடைசிப் பந்தியிலல்லா உக்காரணும்?”

“போடு.”

குரல் நாற்காலியிலிருந்து வரவில்லை. செல்வலட்சுமியின் பிடரியிலிருந்து வந்தது.

வாசல் பக்கம் பார்த்தாள். கொம்பையா அவளையேதான் பார்த்துக்கொண்டு நின்றார். இங்கே சத்தம் போட்டால் இரண்டாவது புகார். அவளுக்கு ஓடத் தோன்றியது. வேலையை நினைத்துக்கொண்டு நின்றாள்.

ஒரு கரண்டி போட்டாள்.

அந்தக் கை எழவில்லை. வாய் அசையவில்லை. இலை காலியாக இருந்தது.

“போடு.”

போட்டாள். காலி.

“போடு.”

வாளி லேசாகிக்கொண்டே வந்தது... மண்டபத்தின் இரைச்சல் எங்கே போனது?

சரக்... சரக்...

12.47.

நாற்காலியில் இருந்தவள் தலையைத் தூக்கினாள்.

அந்த முகத்தில் பசி இல்லை.

பகை இருந்தது.

“இனி நீதான்.”

“எம்மா, எனக்குச் சோறு?” என்றார் பக்கத்து இலைக்காரர். இரைச்சல் திரும்ப வந்திருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. முப்பது இலைக்கான வாளியில் ஒரு பருக்கைகூட மிச்சமில்லை. செல்வலட்சுமி உள்ளே போய் வேறு வாளி எடுத்து வந்து, மூன்று மணி வரை பரிமாறிவிட்டுத்தான் போனாள். இரண்டாவது புகார் வரவில்லை.

சாயங்காலம் பானுவிடம் சொன்னாள். பானு திடுக்கிடவில்லை. “தின்னுட்டாளா?” என்று மட்டும் கேட்டாள்.

“யாரு அவ?”

“தங்கமாரி. நம்ம குரூப்புதான். போன மாசி மாசத்துல, முந்துன நாள் கருமாதி வீட்டுல இலை போட்டுட்டு அதே கைப்பழக்கத்துல வந்தா. கல்யாண மண்டபத்துல ஒரு வரிசை பூரா மாத்திப் போட்டுட்டா. பொண்ணு வீட்டுக்காரவிய அவளையே கடைசி இலையில உக்கார வச்சு, எல்லாரும் பாக்கத் திங்கச் சொன்னாவ. முழுங்க முழுங்கப் போடச் சொன்னாவ. அண்ணாச்சி அன்னைக்கே குரூப்புல இருந்து தூக்கிட்டாவ. வீட்டுக்கு நடந்து போனவள வேன் அடிச்சு, அங்கயே செத்துப் போயிட்டா.”

“சோறு போட்டது யாரு?”



“நான்தான். மாட்டேன்னா எனக்கும் வேலை போயிருக்கும். அன்னையிலிருந்து எந்த மண்டபத்துக்குப் போனாலும் என் வரிசையிலதான் வந்து உக்காந்தா. போடு போடும்பா. நான் போட்டா தொட மாட்டா. இன்னைக்கு உன் கையால தின்னுட்டா. இனி எங்கிட்ட வர மாட்டா.”

இதற்காகத்தான் பானு தன்னைக் குரூப்பில் சேர்த்தாள் என்று செல்வலட்சுமிக்கு அப்போதுதான் புரிந்தது. பானு கதவைச் சாத்தப் போனவள், நின்று சொன்னாள்.

“உனக்குத் தெரிஞ்சவள்ள வேலை தேடுதவ யாராவது இருப்பா. யோசிச்சுப் பாரு.”

அடுத்த முகூர்த்தம் வியாழக்கிழமை, ஓட்டப்பிடாரத்தில். செல்வலட்சுமி ‘வாரேன்’ என்று போட்டாள். அதற்கு முந்தின நாளே, இடைசெவலில் வேலையில்லாமல் இருந்த நாத்தனார் சந்தனமாரியைக் குரூப்பில் சேர்த்துவிட்டிருந்தாள்.