அண்ணன் கேட்ட கேள்வி

எங்கள் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து இன்றோடு ஓராண்டு. அவர்களுடைய தையல் இயந்திரம் மூடியே கிடக்கிறது. திறக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆற்காட்டில் பிறந்து, மணமாகிப் பெங்களூர் அல்சூருக்கு வந்தவர்கள். பிளேக்கில் அப்பா போனபோது நானும் அண்ணனும் சிறு பிள்ளைகள். வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கிய தண்டில் இருந்த துரைசானிகளுக்குக் கவுன் தைத்தே எங்களை ஆளாக்கினார்கள். ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள், தம் உடம்பைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு மழைக்காலத்தில் நான் தலை சீவிவிட்டபோது உச்சந்தலையில் புளியங்கொட்டை அளவு கட்டி ஒன்று சீப்பில் இடித்தது. ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே இங்கிலீஷ் தெரிந்த அண்ணன் அம்மாவோடு உள்ளே போனார். என்னை வெளியே உட்கார வைத்தார்கள். பார்த்தால் புற்றுக்கட்டி போலிருக்கிறது, தோலிலேயே பிறக்கும் இவ்வகைப் புற்று அபூர்வம், உடம்பில் வேறெங்கோ பிறந்து தோலில் வந்து முளைப்பதும் உண்டு, எதுவென்று தெரியவேண்டும் என்றாராம் டாக்டர். அண்ணன் தமிழில் கேட்டது கதவு வழியே எனக்கும் கேட்டது.

"வேற எங்கனா கட்டி இருக்காம்மா?"

"இல்லப்பா."

கட்டியை வெட்டியெடுத்துப் பரிசோதித்தும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. வேறு கட்டி இல்லை என்று நோயாளியே சொன்னதால், தோலில் பிறந்தது என்றே முடிவு செய்தார்கள். வேரோடு போயிற்று என்று கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தோம். அம்மா தலை நிமிரவே இல்லை.

கிறிஸ்துமஸுக்குள் கழுத்திலும் முதுகிலும் கட்டிகள் கிளம்பின. இம்முறை பார்த்தவர் தமிழ்ப் பெண் டாக்டர். அண்ணனை வெளியே அனுப்பிவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். அம்மா ரவிக்கையை அவிழ்த்தார்கள். இடது மார்பில் கல்லாக ஒரு கட்டி, வெகுநாளாக இருந்தது.

"இதாம்மா தாய்க்கட்டி. தலையில வந்தது இதோட பிள்ளை" என்றார் டாக்டர்.

வெளியே நின்ற அண்ணனிடம் நான்தான் சொன்னேன். ஏன் மறைத்தீர்கள் என்று அம்மாவிடம் சண்டையே போட்டேன்.

"வளந்த புள்ள கேக்குறான். எந்த வாயால சொல்றது?" என்றார்கள்.

கடைசி மாதங்களில் புண்ணுக்கு முகம் சுளிக்காமல் கட்டுப்போட்ட ஜோகுபாளையத்துச் சித்திக்கும், தினமும் வந்து ஜெபித்த போதகருக்கும், கஞ்சி கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள்.

இதையெல்லாம் சபையின் மலரில் போடுவதா என்று உறவில் சிலர் தடுத்தார்கள். எழுதச் சொன்னவரே அண்ணன்தான். தாயாரை டாக்டரிடம் அழைத்துப்போகும் ஆண்பிள்ளைகள் ஒரு பெண்ணை உள்ளே விட்டுத் தாங்கள் வெளியே நிற்கவேண்டும் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறார்.

சாப்பிடும்போது நடுவில் அவர் கை நின்றுவிடுகிறது. உதடு அசைகிறது. என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். "இல்லப்பா" என்ற அம்மாவின் குரல் எனக்கும் கேட்கிறது.