ராகு காலம் கழித்து வாங்கிய நேர முத்திரை

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் படிக்கிறவர்களுக்கு நேரம் மிச்சம். அதுவும் லேசுப்பட்ட முட்டாள் இல்லை. கம்ப்யூட்டரைத் தட்டிச் சம்பாதித்து, வேங்கிக்காலில் வீடு கட்டி, அடுத்தவர்கள் சகுனம் பார்த்தால் வாய்விட்டுச் சிரிக்கிற படித்த முட்டாள். நொடி பிசகாமல் மணி சொல்லும் ஒரு சர்வரிடம் நேரம் கேட்பதற்கு, நேரம் நன்றாக இருக்கிறதா என்று தினசரிக் காலண்டரைப் பார்த்தவன் நான்தான்.

என் மனைவி கிரிவலப் பாதைக்கு ஒரு வரைபடம் வரைந்துகொண்டிருந்தாள். என் லேப்டாப்பில், மவுஸைப் பிடித்து இழுத்து இழுத்து. எல்லா வரைபடத்திலும் லிங்கங்கள் இருக்கும். இவளுடையதில் அவற்றோடு, நடக்கிறவனுக்கு நிஜமாகவே தேவைப்படுகிற சங்கதிகளும் இருந்தன. எந்தக் கழிப்பறையில் தண்ணீர் வரும், எங்கே மோரில் தண்ணீர் கம்மி, எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. அடி அண்ணாமலையில் கடை வைத்திருப்பவர்களின் சங்கம் இதைக் கேள்விப்பட்டு, பௌர்ணமிக்குள் பெரிய போர்டாக வைக்கிறோம், கீழே ‘வரைந்தவர்’ என்று பேர் போடுகிறோம் என்று சொல்லியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் பேர் ரேஷன் கார்டிலும் கேஸ் புத்தகத்திலும்தான் அச்சாகியிருக்கிறது. அந்த ஒரு வரிக்காக முட்டி வலிக்க வலிக்க மூன்று முறை மலையைச் சுற்றி வந்தாள்.

எனக்கு அதில் ஒரே ஒரு இடம் பிடிக்கவில்லை. பாதையோரம் ஒரு மரத்தடியில் பொடி எழுத்தில் இப்படி எழுதியிருந்தாள்: ‘இங்கே செருப்பு விட வேண்டாம். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை தொலைத்தார்.’

“இதை எடுத்துடு. ஊர் பூரா நிக்கிற எடத்துல என் மானம் போவும்” என்றேன்.

“செருப்பே போச்சு. மானத்தைத் தனியாவா வெச்சிருந்தீங்க?” என்றாள். வரி அப்படியே இருந்தது.

படம் முடிகிற கட்டத்தில் அவளுக்கு ஒரு பயம் வந்தது. “யாராவது சுட்டுட்டா இன்னாங்க பண்றது?”

இந்தக் கேள்விக்காக நான் பல வருஷமாகக் காத்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். நேர முத்திரை என்று ஒன்று உண்டு. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் கம்ப்யூட்டர் நம் ஃபைலின் கைரேகையை எடுக்கும். அடுத்த கட்டளை அந்தக் கைரேகையை மட்டும் எங்கோ இருக்கிற ஒரு நம்பகமான சர்வருக்கு அனுப்பும். ‘இது இந்த நொடியில் என்னிடம் வந்தது’ என்று அது தேதியும் மணியும் போட்டுக் கையெழுத்திட்டுத் திருப்பித் தரும். பத்திர ஆபீஸ் மாதிரிதான். ஆனால் “சார் சாப்பிடப் போயிருக்காரு” என்ற பேச்சு கிடையாது. அதன் பிறகு படத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் கைரேகை பொருந்தாது. இவ்வளவையும் கைகளை ஆட்டி ஆட்டி விளக்கினேன்.

“அதுல என் பேரு இருக்குமா?”

“இருக்காது.”

“படம்?”

“அதுவும் இருக்காது. கைரேகைதான்.”

“அப்ப இன்னாதான் இருக்கும்?”

“மணி இருக்கும்.”

“அதுக்குத்தான் செவுத்துல கடிகாரம் மாட்டியிருக்கமே.”

ஆனாலும் சரி என்றாள். பாவம், வேறு கணவன் கைவசம் இல்லை.

படம் முடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று மதியச் சாப்பாட்டுக்கு அவள் தம்பி, அதாவது என் மச்சான், வந்திருந்தான். கீழ்பென்னாத்தூரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ, எந்த பேனராக இருந்தாலும் ஒரு மூலையில் கூலிங் கிளாஸ் போட்ட தன் படத்தையும் நுழைத்துவிடுவான்.

“அக்கா, பென் டிரைவ்ல போட்டுக் குடு. ப்ரிண்ட்டுக்கு எப்படி வரும்னு பாத்துச் சொல்றேன்” என்றான். கொடுத்தாள். கிளம்பிப் போனான்.

“இப்பவே அந்த முத்திரையப் போட்டுடுங்க” என்றாள் மனைவி.

நான் கறுப்புத் திரையைத் திறந்தேன். கட்டளையைத் தட்டினேன். எண்டர் பட்டனுக்கு மேல் விரல் நின்றது. கண் தானாகச் சுவரில் இருந்த காலண்டருக்குப் போனது. ஞாயிறு, ராகு காலம் நாலரை முதல் ஆறு. அப்போதுதான் நாலரை தாண்டியிருந்தது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் நிலத்தை ரிஜிஸ்டர் பண்ணும்போதும் பார்த்தோம், போர் போடும்போதும் பார்த்தோம். இதுவும் ஒரு பதிவுதானே? அவள் முதல் முதலாகப் பேர் எடுக்கப் போகிற காரியம் வேறு.

“ஆறு மணிக்கு மேல போட்டுக்கலாம்மா. எங்க ஓடிடப் போவுது?”

ஓடித்தான் போயிருந்தது. ஆறு ஐந்துக்கு எண்டரைத் தட்டினேன். முத்திரை வந்தது. சரி பார்க்கும் கட்டளையைத் தட்டினேன். எல்லாம் பொருந்துகிறது என்றது. நான் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மனைவி போனை நீட்டினாள். ஐந்தரைக்கே சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் வரைபடம் வந்திருந்தது. மூலையில் கூலிங் கிளாஸ். கீழே ‘வரைந்தவர்’ என்று மச்சானின் பேர்.

அவள் போன் போட்டுக் கத்தினாள். அவன் குரல் வெளியே கேட்டது. “அக்கா, நம்ம குடும்பம்தானே? யார் பேர் இருந்தா இன்னா? ஒனக்கு எதுக்கு போர்டுல பேரு?”

அவள் போனை வைத்துவிட்டாள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு உண்டு, பேச்சு இல்லை. இரண்டையும் சேர்த்து நிறுத்தியிருந்தால் கூடத் தேவலை.

சங்கத் தலைவர் டீக்கடைக்காரர். மறுநாள் நான் போன் செய்தபோது அவர் தெளிவாகச் சொன்னார்: “அக்கா தம்பி தகராறு எங்களுக்கு எதுக்குங்க? யார்து மொதல்ல வந்துச்சுன்னு காட்டுங்க. அந்தப் பேரப் போடறோம்.”

வெறும் ஃபைல் தேதி உதவாது, அதை யாரும் மாற்றலாம். என் முத்திரையை யாரும் மாற்ற முடியாது. ஆனால் அது ஆறு ஐந்துக்கு வாங்கியது, அவன் போட்டதோ ஐந்தரைக்கு. மனம் நொந்து முத்திரையைத் திரையில் விரித்துப் பார்த்தேன். பார்த்தால், அதில் பன்னிரண்டு முப்பத்தைந்து என்று இருக்கிறது! மச்சானுக்கு ஐந்து மணி நேரம் முன்னால்! சர்வரே நம் பக்கம் என்று துள்ளிவிட்டேன். ஏன், எப்படி என்று யோசித்திருக்கலாம். யோசிக்கிறவனாக இருந்தால் இந்தக் கட்டுரையே இருக்காது.

ப்ரிண்ட் எடுத்துக்கொண்டு மனைவியுடன் டீக்கடைக்குப் போனேன். மச்சானும் சாம்பிள் ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தான். நான் பேப்பரை விரித்து, நம்பகமான சர்வர், மாற்ற முடியாத கைரேகை என்று பிரசங்கம் பண்ணினேன். “பன்னெண்டு முப்பத்தஞ்சு! அப்பவே இந்தப் படம் இருந்துச்சுங்க!”

மச்சான் பேப்பரை வாங்கி, மணிக்குப் பக்கத்தில் விரலை வைத்தான். “மாமா, ஜிஎம்டின்னு போட்டிருக்கே. அஞ்சரை மணி நேரம் கூட்டணும் இல்ல? அப்ப ஆறு அஞ்சு. நான் அதுக்கு முன்னாடியே போட்டுட்டேனே.”

தினமும் வெளிநாட்டுக்காரனோடு மீட்டிங் வைக்க அதே ஐந்தரையைக் கூட்டுவதும் கழிப்பதும்தான் என் பிழைப்பு. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

தலைவர் விடவில்லை. “ஞாயித்துக்கிழம பன்னெண்டு முப்பத்தஞ்சு எமகண்டம் ஆச்சேங்க. அதுலயா போய் வாங்குனீங்க?”

ராகுவுக்குப் பயந்து காத்திருந்து எமகண்டத்தில் முத்திரை வாங்கியிருக்கிறேன். அதுவும் எதிராளிக்குச் சாட்சியாக. மனைவி என்னைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். ஊர் சிரித்ததைவிட அதுதான் எனக்குச் சுருக்கென்று இருந்தது.

மச்சான் ஜெயித்த முகத்தோடு ஃப்ளெக்ஸை மேஜையில் விரித்தான். தலைவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கழிப்பறை, மோர், பெஞ்ச் என்று விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். மரத்தடியில் விரல் நின்றது. சத்தமாகப் படித்தார்.

“‘இங்கே செருப்பு விட வேண்டாம். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை தொலைத்தார்.’” நிமிர்ந்து மச்சானைப் பார்த்தார். “தம்பி, ஒங்க வீட்டுக்காரர் யாருங்க?”

கடை அதிர்ந்தது. மச்சான் ஃப்ளெக்ஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கடைசியில் அக்காவைப் பார்த்தான். கூலிங் கிளாஸ் படத்தை மூலையில் வைக்க நேரம் இருந்தது; பொடி எழுத்தைப் படிக்க நேரம் இல்லை போலிருக்கிறது.

“அந்த வீட்டுக்காரர் நான்தாங்க” என்று கையைத் தூக்கினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பெருமையாக ஒரு அவமானத்தை ஒப்புக்கொண்டதில்லை. போர்டில் அவள் பேரைப் போடுவது என்று அங்கேயே முடிவானது. மச்சான் ஓசியில் அடித்துத் தருவதாக முனகினான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தன் பேரைச் சேர்த்து, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஃபைலைச் சேமித்தாள். செருப்பு வரியையும் பெரிதாக்கியிருந்தாள். நான் மெதுவாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஏம்மா, இதுதான் ஃபைனல் இல்ல? கையோட ஒரு முத்திரை வாங்கிடட்டுமா?”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“ராகு காலம் முடியட்டும்.”