நான் எழுதிய காதல் நாடகமும் அன்ரனிப்பிள்ளையின் வலது கையும்

எங்கள் கோவில் திருவிழாவுக்கு நான் ஒரு நாடகம் எழுதினேன். அறுபத்தேழு வயதில் இந்த வேலைக்குப் போயிருக்கத் தேவையில்லை என்று பலர் பிறகு சொன்னார்கள். முன்னுக்கே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் தொழில் நாடகம் அல்ல. கொழும்பில் ஆறு மாதம் கெயார்கிவர் பயிற்சி எடுத்து, சைப்பிரசில் ஒன்பது வருடம் கிழவர்களைக் குளிப்பாட்டி நடக்க வைத்துவிட்டு, 2012இல் கற்பிட்டிப் பக்கத்து எங்கள் கடற்கரைக்குத் திரும்பியவள். இங்கேயும் கிழவர்களுக்குக் குறைவில்லை. நாடகம் போட்ட 2016இல் என் கையில் இருந்தவர் அன்ரனிப்பிள்ளை. கரைவலைச் சம்மாட்டி, வலைக்கும் வள்ளத்துக்கும் சொந்தக்காரர். ஒரு காலத்தில் அவர் சத்தம் போட்டால் முப்பது பேர் ஒரே மூச்சாய் வலை இழுப்பார்கள். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சுக் குழறியது. வலது கை விரல்கள் உள்ளே மடங்கத் தொடங்கின. தினமும் ஒவ்வொரு விரலாக நீட்டிவிட வேண்டும். இரண்டு கிழமை விட்டால் கை அப்படியே இறுகிவிடும். பிறகு கரண்டிகூடப் பிடிக்க முடியாது. இதை அவருடைய மகள் மெரினாவுக்குப் பல தடவை சொல்லியிருந்தேன்.

அந்த நேரம்தான் ஃபாதர் கேட்டார். "ஏழு வருசமாய் சண்டையைப் பற்றியே நாடகம் போடுறாங்கள். சிரிக்கிற மாதிரி ஒண்டு எழுதித் தாங்கோ, அனஸ்தாசியா அக்கா."

பதினெட்டு வயதில் என்னை இரண்டு பேர் விரும்பினார்கள் என்பது என் நீண்டநாள் நம்பிக்கை. ஒருவர் எஸ்தாக்கி. நேரே வந்து கேட்டார், கட்டினார், 2003இல் இறந்தார். மற்றவர் அன்ரனிப்பிள்ளை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வருடம் முழுக்க, செவ்வாய்க்கிழமை தோறும், எங்கள் வேலியில் ஒரு மீனைக் கட்டிவிட்டுப் போனார். ஒருநாள் ஓலை இடுக்கால் பார்த்துவிட்டேன். மனிதர் ஓட்டமாய் ஓடினார். வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். அம்மா மீனை ஆய்ந்து சமைத்தாளே தவிர, வாய் திறக்கவில்லை.

ஆகவே நாடகத்தில் ஒரு பெண், இரண்டு ஆண்கள். ஒருவன் வாய்காரன், மற்றவன் மீன்காரன். பெண்ணைக் கொஞ்சம் அழகாகவே எழுதினேன். மீன்காரன் கடைசியில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு காலமெல்லாம் பெருமூச்சு விடுகிறான். பெயர்களை மாற்றினால் போதும் என்று நினைத்தது என் கெட்டித்தனம்.

இளசுகள் கைதட்டினார்கள். கிழடுகள் மீன் வரும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது நான் அழ வைப்பதற்கென்று எழுதிய இடம். ஃபாதர் "நல்ல முயற்சி" என்றார். என் தங்கச்சி யூஜினி, "அந்தப் பெட்டை நல்ல வடிவு. ஆரை மனசில வைச்சு எழுதினாய், அக்கா?" என்றாள்.

மெரினா மட்டும் மேடையடிக்கே வந்தாள். "அம்மா செத்து ரெண்டு வருசமாகேல்ல. அப்பா அவவைக் கட்டிப்போட்டு உங்களை நினைச்சுப் பெருமூச்சு விட்டவரோ? இனி எங்கட வாசல் மிதிக்காதீங்கோ, மாமி."

பத்து நாள் போகவில்லை. ஊர்ப் பேச்சைவிட, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கும் அந்த விரல்கள்தான் உறுத்தின. பதினோராம் நாள் காலை போய் நின்றேன். மெரினா சுளகில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கதை முழுக்கப் பொய்யெண்டு சொல்லுங்கோ, உள்ள வாங்கோ."

"பெருமூச்சு பொய். உன்ர அம்மாவை இழுத்தது பிழை. ஆனா மீன் உண்மை, பிள்ளை."

எல்லாம் பொய் என்றிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஐம்பது வருடம் காப்பாற்றிய மீனைக் கைவிட மனம் வரவில்லை.

உள்ளே சாய்மனைக் கதிரையிலிருந்து அன்ரனிப்பிள்ளை குழறினார். மெரினா போய்க் குனிந்தாள்.

"அந்தோனியாருக்கு... நேத்தி," என்றார். "ஒரு வரிசம்... செவ்வாய்... ஏழை வீடு."

துண்டு துண்டாக விசயம் வந்தது. வள்ளம் கவிழ்ந்து அவர் உயிர் தப்பியதற்கு அவருடைய தாய் வைத்த நேர்த்திக்கடன். புனித அந்தோனியாருக்குரிய செவ்வாய்க்கிழமைகளில் ஒரு ஏழை வீட்டுக்கு உணவு. கொடுப்பவன் முகம் காட்டக் கூடாது, வாங்கியவர்கள் அதைப் பற்றிக் கதைக்கக் கூடாது. என் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. கிழடுகள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

"ஏன் எங்கட வீடு?" என்று கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம்.

"அதுதான்... ஆகக் கஸ்டப்பட்ட வீடு."

மெரினா சுளகைக் கீழே வைத்துவிட்டு நிலத்தில் குந்திவிட்டாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. "மாமி, முக்கோணக் காதல் எண்டீங்கள். ஒரு மூலையில அந்தோனியாரெல்லோ நிண்டிருக்கிறார்!"

என் முகம் எரிந்தது. திரும்பி நடக்கத்தான் கால் எழுந்தது. ஆனால் அவருடைய வலது கை மடியில் கிடந்தது; பெருவிரல் மற்ற விரல்களுக்குள் புகுந்திருந்தது. இன்னும் நாலு நாள் தாங்காது.

"சிரிச்சது காணும். சுடுதண்ணியும் துவாயும் கொண்டு வா," என்றேன்.

கொண்டு வந்தாள். துவாயைச் சுற்றிச் சூடு பிடித்து, சின்ன விரலில் தொடங்கினேன். பத்து நாள் இறுக்கம், இலேசில் விடவில்லை.

"கொல்லுறியேடி!" என்று கத்தினார் அன்ரனிப்பிள்ளை.

பாரிசவாதம் வந்த இந்த மூன்று மாதத்தில் அவர் குழறாமல் சொன்ன முதல் வார்த்தை. அடுத்த விரலைப் பிடித்தேன்.